பூர்வீகம் கேட்பவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை சேலத்தில் நடந்த எங்கள் பள்ளியின் பழைய மாணவர் சந்திப்பின் காணொளியை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள் என்பதால் முழுவதையும் திரும்பச் சொல்லப் போவதில்லை. "பூர்வீக நிலம் உள்ள குடும்பத்தில் பிறந்தவனுக்குத்தான் நேர்மை இயல்பாக வரும், பிழைக்க வந்தவர்களுக்குப் பணம் ஒன்றே குறி" என்று மேடையில் ஒருவர் சொன்ன அந்த ஒரு வாக்கியம் நான்கு நாட்களாக என்னைத் தூங்கவிடவில்லை. அரங்கம் கைதட்டியது. மூன்றாவது வரிசையில் என் பக்கத்தில் அப்பா உட்கார்ந்திருந்தது காணொளியில் தெரியாது.

ஒரு குடும்பம் எதை உயர்வாக மதிக்கிறது என்பதை அதன் பட்டாவில் தேடாதீர்கள். அது என்ன கூலி வாங்கியது, யாரிடம் கடன்பட்டது, எந்தக் காகிதத்துக்காக வரிசையில் நின்றது என்று கேளுங்கள்.

என் கொள்ளுத்தாத்தா ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து, தோட்டங்களுக்கு ஆள் சேர்க்கும் கங்காணியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு, இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர். அங்கே 'துண்டு' என்றொரு சீட்டு இருந்தது. தொழிலாளியின் கடன் எவ்வளவு, அதைத் தீர்த்தால் அவரை விடுவிக்கத் தோட்டம் சம்மதிக்கிறது என்று எழுதிய அந்தச் சீட்டு இல்லாமல் அவர் வேறு தோட்டத்துக்கு மாற முடியாது. மாறினாலும் கடன் அவர் தலையோடு கூடவே போகும். 1921-இல் அந்த முறை ஒழிக்கப்பட்டது. தாத்தா பிறந்தது அதற்கும் பிறகுதான். ஆனாலும் அவர் இறக்கும்வரை எந்தக் கடையிலும் தன் பெயரில் பற்று எழுத விட்டதில்லை. தான் பார்த்தே இராத ஒரு சீட்டின் பயத்தை அவர் தன் அப்பாவிடமிருந்து வாங்கிக்கொண்டார். எங்கள் வீட்டுப் பூர்வீகச் சொத்து அதுதான்.

பிறகு 1948-இல் இலங்கையில் குடியுரிமைச் சட்டம் வந்தது. தகப்பன் அந்த மண்ணில் பிறந்ததற்கு, இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்ததற்கு, ஆதாரம் கேட்டார்கள். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்து அறையில் பிறந்தவர்களிடம் என்ன ஆதாரம் இருக்கும்? அப்படி நாடில்லாமல் போனவர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்று 1964 ஒப்பந்தத்தில் இந்திய, இலங்கை அரசுகள் முடிவு செய்தன. அந்த எண்ணிக்கைக்குள் என் தாத்தாவும் ஒருவர். தலைமன்னாரில் கப்பலேறி, இராமேசுவரத்தில் இறங்கி, ஆத்தூருக்கு வந்தபோது அவரை அடையாளம் சொல்ல அங்கே யாரும் இல்லை. மறுபடியும் மலை, மறுபடியும் லயம்: ஏற்காட்டில் காப்பித் தோட்டம். அப்பா அங்கே காப்பிப் பழம் பறித்து வளர்ந்தவர்.

நான் பள்ளியில் படித்தபோது கட்டணம் கட்டிய அப்பா ரசீது வாங்காமல் நகர மறுத்தார். "சிலோன்காரனுக்கு எதிலும் சந்தேகம்" என்றார் அங்கிருந்த எழுத்தர். காகிதம் இல்லாததால் நாடில்லாமல் போன குடும்பத்துக்கு ரசீது என்னவென்று அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் கொடுத்த பணத்துக்குக் கணக்குக் கேட்பதும், வாங்கிய பணத்துக்குக் கணக்குச் சொல்வதும் நேர்மை இல்லையென்றால் வேறெது நேர்மை?

"சேலத்து நெசவாளி கஷ்டப்படவில்லையா?" என்று கேட்பீர்கள். பட்டார். அம்மாபேட்டையிலும் பொன்னம்மாபேட்டையிலும் தறி ஓட்டிய சௌராட்டிரர்களின் முன்னோரும் ஒரு காலத்தில் வெளியிலிருந்து வந்தவர்கள்தானே? அவர்களை இன்று யாராவது பிழைக்க வந்தவர்கள் என்று மேடையில் சொல்வார்களா?

"அப்படியானால் தோட்டத்திலிருந்து வந்த எல்லோரும் உத்தமர்களா?" இல்லை. அதே கப்பலில் வந்த என் அத்தை செவ்வாய்பேட்டையில் மளிகைக்கடை நடத்தும் வீட்டில் வாழ்க்கைப்பட்டார். கடன் வாங்குவதும் கொடுப்பதும் அவருக்கு அன்றாட வியாபாரம், அதில் அவருக்குத் துளியும் கூச்சமில்லை. ஒரே இரத்தம்தான், பிழைப்பு மாறியதும் பழக்கம் மாறியது. இதைத்தான் முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

"இன்று வங்கியில் வேலை, அஸ்தம்பட்டியில் வீடு, இன்னும் ஏன் பழங்கதை?" என்று ஏற்கனவே ஒருவர் எழுதிவிட்டார். வீடு கட்டிவிட்டால் வாயை மூடிக்கொள்ள வேண்டுமா? என் மகள் ரசீதுகளைக் கசக்கிக் குப்பையில் போடுகிறாள். அந்தப் பயம் அவளிடம் இல்லையே என்று நிம்மதியாக இருக்கிறது. அந்தக் கவனமும் அவளோடு போய்விடுமோ என்று கலக்கமாகவும் இருக்கிறது. இரண்டையும் யாரிடம் சொல்வேன்?

மண்டபத்தை விட்டு வெளியே வரும்போது அப்பா, நன்கொடை மேசையில் ஐந்நூறு ரூபாய் கொடுத்துவிட்டு, ரசீதுக்காகக் காத்து நின்றார். அப்படிப் பேசிய இடத்துக்கு ஏன் பணம் கொடுத்தீர்கள் என்று கோபமாகக் கேட்டேன். "விடும்மா, உன் பள்ளிக்கூடம். அவர் நம்மைச் சொல்லவில்லை" என்றார்.

நம்மைத்தான் சொன்னார், அப்பா.