தனியாகக் கடலைச் சுற்றுபவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி

சின்னப் பாய்மரப் படகில் உலகைச் சுற்றக் கிளம்பிய ஒருவர் நடுக்கடலில் சிக்கிக்கொண்டார் என்று செய்தி வந்தால் போதும், கீழே வசவுகள் வரிசைகட்டும். "வேலை வெட்டி இல்லாதவன்" என்பது ஒன்று. "இவனைக் காப்பாற்ற யார் வீட்டுப் பணம்?" என்பது இன்னொன்று. முதலாவதை விட்டுவிடுவோம், வேலை வெட்டி இல்லாமல்தான் நாமும் கமெண்ட் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

காப்பாற்றுவது பற்றிப் பேசுவோம். 2018 செப்டம்பர், பாய்மரப் படகில் தனி ஆளாக, எங்கும் நிற்காமல் உலகைச் சுற்றும் கோல்டன் குளோப் போட்டி. இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் அடித்த புயலில் இந்தியக் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமியின் படகு புரண்டு, பாய்மரம் ஒடிந்தது. முதுகெலும்பில் பலத்த காயம், எழுந்து நிற்கக்கூட முடியவில்லை. அவரை நோக்கிக் கிளம்பியவர்களில் ஒருவர் சக போட்டியாளர், அயர்லாந்தின் கிரெகர் மெக்கக்கின். அதே புயலில் அவருடைய பாய்மரங்களும் போயிருந்தன! இருப்பதை வைத்து ஒட்டுப்போட்டுக்கொண்டு போனார். கடைசியில் ஓசிரிஸ் என்ற பிரெஞ்சுக் கப்பல் இருவரையுமே ஏற்றிக்கொண்டது. முதுகெலும்பில் பொருத்திய டைட்டானியக் கம்பிகளோடு டோமி 2022இல் அதே போட்டிக்குத் திரும்பி வந்து இரண்டாம் இடம் பிடித்தார்.

அந்த முறை வென்றவர் தென்னாப்பிரிக்காவின் கர்ஸ்டன் நாய்ஷேஃபர். போட்டியின் நடுவே, பின்லாந்தின் டாபியோ லெஹ்டினனின் படகு சில நிமிடங்களில் மூழ்கிப்போக, உயிர்காப்பு மிதவையில் தத்தளித்தவரை இரவெல்லாம் படகோட்டிப் போய் ஏற்றினார். பிறகு அவரை ஒரு சரக்குக் கப்பலில் சேர்த்துவிட்டுத் தன் வழியே போனார்.

கடலில் ஆபத்தில் இருப்பவரைக் காப்பாற்றுவது எந்தக் கப்பலுக்கும் கடமை. மீனவரா, அகதியா, பொழுதுபோக்குக்கு வந்தவரா என்று விசாரித்துவிட்டுக் கயிறு வீசும் வழக்கம் அங்கே இல்லை. அந்த விசாரணையைக் கரையில் இருக்கும் நாம் ஏன் ஆரம்பிக்க வேண்டும்? தேடும் விமானத்துக்குச் செலவாகும், உண்மைதான். கொடுக்கத் தகுந்த செலவு என்பது என் கட்சி.

ஆனால் இவர்களைக் குடையக்கூடிய கேள்வி ஒன்று உண்டு, அதை யாரும் கேட்பதில்லை. நீங்கள் தூங்கும்போது யார் பார்த்துக்கொள்கிறார்கள்?

1972ஆம் ஆண்டின் சர்வதேச மோதல் தடுப்பு விதிகளில் ஐந்தாவது விதி, ஒவ்வொரு கலமும் எந்நேரமும் கண்ணாலும் காதாலும் கவனித்தபடி இருக்க வேண்டும் என்கிறது. தனி ஆள் எப்படி முடியும்? மாதக்கணக்கில் தூங்காமல் இருக்க மனிதனால் ஆகாது. தாழ்வான படகிலிருந்து பார்க்கும்போது அடிவானத்தில் தலைகாட்டும் பெரிய கப்பல், 20 நாட் வேகத்தில் (மணிக்குச் சுமார் 37 கி.மீ.) வந்தால் அரைமணிக்குள் மேலே ஏறிவிடும். அதனால்தான் கப்பல்கள் நடமாடும் பகுதியில் 20 நிமிடத்துக்கு ஒரு முறை அலாரம் வைத்து எழுகிறார்கள். காற்றின் திசையைப் பிடித்துச் சுக்கானைத் தானே திருப்பும் கருவி படகை ஓட்டும், ஆனால் அதற்குக் கண் இல்லை. கப்பல்கள் தாங்கள் இருக்கும் இடத்தை ரேடியோவில் ஒன்றுக்கொன்று அறிவிக்க உதவும் ஏஐஎஸ் கருவி, கப்பல் நெருங்கினால் கத்தும். எல்லா மீன்பிடிப் படகிலும் ஏஐஎஸ் இருக்காது. திமிங்கிலத்திடமும் மிதக்கும் கன்டெய்னரிடமும் இல்லவே இல்லை.

1895இல் கிளம்பி முதன்முதலாகத் தனியே உலகைச் சுற்றிய ஜோஷுவா ஸ்லோகம், சுக்கானைக் கட்டிவைத்துவிட்டுப் படுத்தார். ஸ்ப்ரே என்ற அவர் படகு தானாகவே திசை பிசகாமல் போனதாம். அன்றைய கடல் வேறு, கப்பல்களின் வேகம் வேறு.

பூமத்திய ரேகைக்குக் கீழே, தெற்கு நாற்பதாம் அட்சரேகையையும் தாண்டிய கடலில் ஒருவர் அசந்து தூங்கினால் பெரும்பாலும் அவருக்கு மட்டும்தான் ஆபத்து. அங்கே கப்பலைப் பார்ப்பதே அபூர்வம். கரையை ஒட்டி, மீன்பிடிப் படகுகளின் நடுவே கண்ணயர்ந்தால் கதை வேறு. வலை இழுத்துக்கொண்டிருப்பவர் யாருடைய சாகசத்திலும் சேரச் சம்மதம் தந்தவர் அல்ல. நான் இவர்களுக்காக வாதாடுவது அந்த இடத்தோடு நின்றுவிடுகிறது. கரையை விட்டு விலகும்வரை கூட ஒரு ஆளை வைத்துக்கொண்டு, பிறகு தனியாகப் போனால் 'தனி' என்ற சாதனைப் பட்டியலில் சேர்க்க மாட்டார்களாம். சேர்த்தால்தான் என்ன?