பத்தரை மணிக்குப் பிள்ளைகளின் திரை அணைகிறது, நம்முடையது?

2026 ஜனவரி முதல், சிங்கப்பூரின் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் பள்ளி நேரம் முழுவதும் திறன்பேசியையும் திறன்கடிகாரத்தையும் பயன்படுத்தக் கூடாது என்பது கல்வி அமைச்சின் விதி. இடைவேளைக்கும் இணைப்பாட நடவடிக்கைகளுக்கும்கூட அதில் விலக்கு இல்லை. அவர்களுடைய கற்றல் சாதனங்கள் முன்பு இரவு பதினொரு மணிக்கு ஓய்வுக்குச் சென்றன. இப்போது அந்த நேரம் பத்தரையாக முன்நகர்ந்துள்ளது. அதற்கு ஓராண்டு முன்னதாகவே சுகாதார அமைச்சு தன் வழிகாட்டுதலை வெளியிட்டிருந்தது. 7 முதல் 12 வயது வரையிலான பிள்ளைகளுக்குப் பள்ளிப் பாடம் தவிர்த்து நாளுக்கு 2 மணி நேரத்துக்கும் குறைவாகவே திரை இருக்க வேண்டும். சாப்பிடும் வேளையிலும் உறங்கப்போவதற்கு முந்திய ஒரு மணி நேரத்திலும் திரையே வேண்டாம் என்றது அது.

இவற்றை முழுமனத்துடன் வரவேற்கிறேன். என் குறை வேறு. இவையெல்லாம் பிள்ளைகளுக்கு மட்டும் உரியவை என்று பெரியவர்களாகிய நாம் சத்தமில்லாமல் தீர்மானித்துக்கொண்டோம். பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் உறக்கத்தைக் கெடுக்கும் பொருள், நாற்பத்தைந்து வயதுத் தகப்பனுக்குத் தாலாட்டாகிவிடுவதில்லை.

கைப்பேசியைப் பூட்டிவைத்துவிட்டு ஒரு வாரம் மலைவாசத்தலத்தில் தங்கிவரும் 'மின்னிலக்க விரதம்' பற்றி அவ்வப்போது பலர் எழுதுகிறார்கள். அது நல்ல விடுமுறையாக இருக்கலாம். இந்த ஊரில் அன்றாட வாழ்க்கையாக இருக்க முடியாது. பலதுறை மருந்தகச் சந்திப்புக்குச் சிங்பாஸ் என்னும் அரசு அடையாளச் செயலி, உணவங்காடிக் கடைக்காரருக்குப் பணம் கொடுக்கப் பேநவ், பள்ளிச் சுற்றறிக்கைக்கு ஒரு செயலி, அடுத்த பேருந்து எப்போது வரும் என்று அறிய இன்னொன்று என எல்லாவற்றுக்கும் வாசல் அந்தச் சிறிய திரைதான். ஆகவே நமக்குப் பொருந்துவது முற்றான துறவு அன்று. நாள்தோறும் குறித்த நேரத்தில் எடுக்கும் சிறு ஓய்வு.

ஆய்வுகளும் ஏறத்தாழ அதையே சொல்கின்றன. அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் 2018-இல் வெளியிட்ட ஆய்வில் 143 மாணவர்கள் பங்கேற்றனர். ஒரு பிரிவினர் முகநூல், இன்ஸ்டகிராம், ஸ்னாப்சாட் ஆகிய ஒவ்வொன்றுக்கும் நாளுக்குப் பத்து நிமிடம் மட்டுமே ஒதுக்கினர். மூன்று வாரங்களில் அவர்களிடம் தனிமையுணர்வும் மனச்சோர்வும் குறைந்தன. யாரும் எதையும் அடியோடு விட்டுவிடவில்லை என்பதைக் கவனியுங்கள். முகநூலை நான்கு வாரம் முடக்கிவைத்தவர்களைப் பற்றி 2020-இல் வெளியான மற்றோர் ஆய்வில், அவர்களின் மனநலம் மேம்பட்டது, ஆனால் சிறிதளவே. அந்தச் 'சிறிதளவு' எனக்கு நம்பிக்கையூட்டுகிறது. வாழ்க்கையே மாறிவிட்டது என்று எழுதியிருந்தால் சந்தேகப்பட்டிருப்பேன்.

குறித்த நேரம் ஏன் அவசியம்? நாளிதழுக்குக் கடைசிப் பக்கம் உண்டு. தொலைக்காட்சித் தொடருக்கு 'தொடரும்' உண்டு. விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டேயிருக்கும் பக்கத்துக்கு அப்படி ஒரு முடிவு கிடையாது. அந்த முடிவில்லாத உருட்டலை 2006-இல் வடிவமைத்த அசா ராஸ்கின், பின்னாளில் அதற்காக வெளிப்படையாகவே வருந்தினார். நிற்கும் இடத்தைத் திரை தர மறுக்கும்போது, அதைக் கடிகாரம் தர வேண்டும். உடனிருக்கும் மனிதர்களும் தர வேண்டும். தனிமனித மன உறுதியை மட்டும் நம்பியிருப்பது, என் பார்வையில், பிரச்சினையைத் தவறான தோளில் ஏற்றுவதாகும்.

சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. பிள்ளையின் சாதனம் பத்தரைக்கு உறங்கும்போது தமிழ்நாட்டில் மணி எட்டுதான். இரண்டரை மணி நேர வேறுபாட்டால், அங்கே வேலை முடித்து, சாப்பிட்டு ஓய்ந்து வாட்ஸ்அப் குழுவில் உறவினர்கள் கூடும் வேளை, இங்கே நாம் படுக்க வேண்டிய வேளை. காது குத்துப் படங்கள், மருத்துவக் குறிப்புகள், அரசியல் வாக்குவாதம் என்று குழு நள்ளிரவு தாண்டியும் ஓடும். பதில் போடாவிட்டால் பெரியப்பா கோபித்துக்கொள்வார் என்ற அச்சம் வேறு. இதற்கு எந்த நிறுவனத்தின் செயலியும் உதவாது. "பெரியப்பா, எங்களுக்கு நேரமாகிவிடும், எங்கள் நேரம் ஒன்பது மணிக்குள் நாங்களே கூப்பிடுகிறோம்" என்று மரியாதையாகச் சொல்லிவிடுவதுதான் வழி. சொன்னால் புரிந்துகொள்வார்கள். நாம்தான் சொல்வதில்லை.

இதே காரணத்தால், எல்லாத் திரை நேரத்தையும் ஒரே கணக்கில் எழுதுவதை நான் ஏற்பதில்லை. விடுதியில் தங்கிக் கட்டுமானத் தளத்தில் உழைக்கும் தம்பி, ஊரிலிருக்கும் தன் மகளின் முகத்தைக் காணொளி அழைப்பில் பார்ப்பதற்கு நாம் எந்த அறிவுரையும் கூற வேண்டியதில்லை. 18 மாதத்துக்கும் குறைந்த குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்னும் சுகாதார அமைச்சுகூட, காணொளி அழைப்புக்கு மட்டும் இடம் விடுகிறது. குறைக்க வேண்டியது மனிதரோடு பேசும் நேரத்தை அன்று. எவரோடும் பேசாமல் உருட்டிக்கொண்டிருக்கும் நேரத்தை.

மீதமிருப்பது வேலை. இரவு ஒன்பது மணிக்கு மேலாளரின் குறுஞ்செய்தி வந்து விழும்போது, திரையை அணைக்க வீட்டில் செய்துகொண்ட ஒப்பந்தம் எல்லாம் காற்றில் போகிறது. பிரான்ஸ் 2017-இலும் ஆஸ்திரேலியா 2024-இலும் வேலை நேரத்துக்குப் பின் தொடர்பிலிருந்து விலகியிருக்கும் உரிமையைச் சட்டப்படி நடைமுறைக்குக் கொண்டுவந்தன. இங்கே அப்படிச் சட்டம் இல்லை. வேலையிட மனநலம் குறித்து அரசு, முதலாளிகள், தொழிற்சங்கம் ஆகிய முத்தரப்பும் 2020-இல் வெளியிட்ட ஆலோசனைக் குறிப்பு, வேலை நேரத்துக்குப் பிந்திய தொடர்புகளுக்கு நிறுவனங்கள் ஒரு கொள்கை வகுத்துக்கொள்ளுமாறு பரிந்துரைக்கிறது, அவ்வளவே. இதைப் படிப்பவர்களில் மேலாளர்களும் இருப்பீர்கள். உங்கள் குழுவுக்கு அப்படி எழுத்தில் ஏதேனும் உண்டா? இருந்தால், அது நடைமுறையில் எப்படி இருக்கிறது என்று கீழே எழுதுங்கள்; எங்கள் அலுவலகத்தில் எடுத்துக்காட்ட எனக்கு அது தேவைப்படுகிறது.