சோதிடர் சொன்னதும் அருள்மொழி செய்ததும்

தம்பி, கல்கியின் 'பொன்னியின் செல்வன்' நாவல் முழுக்க விதிதான், சோதிடர் சொன்னதால்தான் சோழ இளவரசர் அருள்மொழிவர்மர் (பின்னாளில் இராசராச சோழர்) முடியை விட்டுக்கொடுத்தார் என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். அது பிழை. குடந்தைச் சோதிடர் கதையின் நாயகன் வந்தியத்தேவனிடம் சொல்வது, இளவரசர் துருவ நட்சத்திரம் போன்றவர், நம்பலாம் என்பதுதான். முடியைத் துறக்கும்படி எந்தச் சாத்திரியும் அவருக்குச் சொல்லவில்லை.

இரண்டாம் பாகத்தை எடுத்துப் பாருங்கள். அநுராதபுரத்தில் பிக்குகள் இலங்கைச் சிங்காதனத்தையே கொடுக்க வருகிறார்கள். முடி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. வேண்டாம் என்கிறார். எங்கள் ஊர் வாசிகசாலையில், பைண்டிங் கழன்ற பழைய பிரதியில் இந்த இடத்தைப் படித்துவிட்டு, அடுத்த பக்கம் புரட்டாமல் கன நேரம் இருந்தேன். கடைசியிலும் சனம் முழுக்க அவர் பக்கம். ஆனால் முடியைத் தன் கையாலேயே சேந்தன் அமுதன் தலையில் வைக்கிறார்; கதையில் அவருக்குச் சிற்றப்பன் முறையான உத்தம சோழர் இந்தச் சேந்தன் அமுதன்தான். இது கல்கியின் கற்பனை மட்டுமல்ல. சிற்றப்பனுக்கு ஆசை இருக்கும்வரை அரசு வேண்டாம் என்று அருள்மொழி மறுத்ததைத் சோழர் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேடும் சொல்கிறது.

விதியைப் பேசத்தான் வேண்டுமென்றால் அருள்மொழியின் அண்ணன் ஆதித்த கரிகாலனை எடுங்கள். வால்நட்சத்திரமும் சாவும் அங்கேதான் சேர்ந்து வருகின்றன. சரி, அங்கும், அவர் சாவைச் சந்தித்த கடம்பூருக்குப் போக வேண்டாம் என்ற எச்சரிக்கையை மீறிப் போனது அவரேதான்.