முன்பணம் கட்டுமுன் மொட்டை மாடிக்கு ஏறிப் பாருங்கள்

சென்ற மாதம் என் அக்கா மகன், ஒயிட்ஃபீல்டுக்கு அப்பால் எழும்பிக்கொண்டிருக்கும் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வீடு பதிவு செய்யப் போவதாகச் சொல்லி, "மாமா, நீங்களும் ஒருமுறை வந்து பார்த்துவிடுங்கள்" என்று அழைத்தான். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இதே பெங்களூரில் கட்டிடப் பராமரிப்பு வேலையில் இருப்பவன் என்பதால், உறவில் யார் வீடு வாங்கினாலும் என்னைக் கூப்பிடுவது வழக்கம். மாதிரி வீட்டைக் காட்டினார்கள். அவர்கள் கொடுத்த கையேட்டின் முதல் பக்கத்திலேயே 'பசுமைக் கட்டிடம்' என்று அச்சிட்டிருந்தது. கூடத்தின் மேற்குப் பக்கம் தரையிலிருந்து கூரை வரை ஒரே கண்ணாடி. மாலை நான்கு மணி இருக்கும். ஏசி ஓடிக்கொண்டிருந்ததால் அறை குளுகுளுவென்று இருந்தது. கண்ணாடியில் கை வைத்துப் பார் என்றேன். வைத்தவன் சட்டென்று எடுத்துக்கொண்டான்.

அந்தச் சூட்டுக்கு அடுத்த இருபது ஆண்டுகள் மின்கட்டணம் செலுத்தப் போகிறவன் அவன்தான். கண்ணாடியைத் தேர்ந்தெடுத்தவர் அதில் ஒரு ரூபாய்கூடக் கட்டப் போவதில்லை. தண்ணீரையும் மின்சாரத்தையும் வீணாக்காத நல்ல கட்டிடங்கள் நம் ஊரில் இன்னும் அரிதாகவே இருப்பதற்கு நான் கண்ட முதற்காரணம் இதுதான்: கட்டுகிறவர் ஒருவர், கட்டணம் செலுத்துகிறவர் வேறொருவர். செலுத்துகிறவர் முன்கூட்டியே கேட்டால் ஒழிய இது மாறாது. இன்று வீடு வாங்கும் வயதில் இருக்கும் இளைஞர்களையும், அலுவலகத்துக்கும் கடைக்கும் இடம் தேடும் நிறுவனங்களையும் மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். பணம் உங்கள் கையில் இருக்கும்வரை உங்கள் கேள்விக்குப் பதில் சொல்ல ஆள் இருப்பார்கள்.

பெங்களூரில் தண்ணீரிலிருந்துதான் தொடங்க வேண்டும். காவிரி இந்த ஊருக்குத் தானாக ஓடி வருவதில்லை. ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, சுமார் 500 மீட்டர் உயரத்துக்குக் கட்டம் கட்டமாக இறைத்துக் கொண்டுவருகிறார்கள். ஆகவே இங்கே ஒரு குடம் தண்ணீரைக் கொட்டினால் அதோடு மின்சாரத்தையும் கொட்டுகிறோம். 2024 மார்ச்சில் பட்ட பாட்டை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். நகரின் ஏறத்தாழ 14,000 பொது ஆழ்துளைக் கிணறுகளில் பாதியளவு வறண்டன. குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தார்கள். இதே ஊரில்தான் ஆண்டுக்குச் சராசரியாக 900 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. முப்பதுக்கு நாற்பது அடி மனை முழுவதும் கூரை என்று கணக்கு வைத்தால், அதன்மேல் ஓர் ஆண்டில் விழுவது ஒரு லட்சம் லிட்டர். மழைநீர் சேகரிப்பு இங்கே 2009 முதல் சட்டம். ஆனால் நான் ஏறிப் பார்த்த பல கட்டிடங்களில் குழாய் மட்டும் இருக்கிறது. வடிகட்டியில் ஜல்லியும் மணலும் சேறோடு இறுகிக் கிடக்க, மழை நேராகத் தெருச் சாக்கடைக்குப் போகிறது.

எங்கள் குடியிருப்பிலேயே நடந்ததைச் சொல்கிறேன். குடிவந்தபோது கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் இருந்தது, கழிப்பறைகளுக்கென்று தனிக்குழாயும் போட்டிருந்தார்கள். நாங்களும் நிம்மதியாக இருந்தோம். ஐந்து ஆண்டுகள் கழித்து, ஒரு கசிவைத் தேடி பிளம்பரோடு மொட்டை மாடிக்கு ஏறியபோதுதான் கண்டுபிடித்தேன்: அங்கிருந்த இரண்டு தொட்டிகளில், கழிப்பறைகளுக்குச் சுத்திகரித்த தண்ணீரைத் தர வேண்டிய தொட்டியில் ஒருபோதும் தண்ணீரே ஏறியதில்லை. மூடியைத் திறந்தால் உள்ளே காய்ந்த இலைகளும் புறா இறகுகளும் கிடந்தன. கழிப்பறைக் குழாயை நல்ல தண்ணீர்த் தொட்டியோடு இணைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அதிகாலை ஐந்து மணிக்கு டேங்கர் தண்ணீரைக் காசு கொடுத்து வாங்கி, சுத்திகரித்த தண்ணீரைப் பின்பக்கக் கால்வாயில் விட்டுக்கொண்டிருந்தோம்.

இணைப்பை மாற்றியதும் அடுத்த சிக்கல் வந்தது. தண்ணீர் நாறுகிறது என்று பாதி வீடுகளில் சண்டை. காரணம் எளியது. கழிவைத் தின்று தீர்க்கும் நுண்ணுயிர்கள் உயிரோடிருக்கத் தொட்டிக்குள் இடைவிடாமல் காற்று செலுத்த வேண்டும்; மின்கட்டணத்தை மிச்சப்படுத்துவதாக எண்ணி, இரவில் அந்த இயந்திரத்தை நிறுத்திவைத்திருந்தார்கள். இரவும் ஓடவிட்ட சில வாரங்களில் நாற்றம் போயிற்று, டேங்கர்கள் பாதிக்கும் கீழாகக் குறைந்தன. பசுமைக் கட்டிடச் சான்றிதழ்கள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இந்தியப் பசுமைக் கட்டிட மன்றம் 2001 முதல் இருக்கிறது, கிரிஹா என்னும் நம் நாட்டு மதிப்பீட்டு முறையும் இருக்கிறது, இரண்டும் நல்லவை. ஆனால் வாசலில் பதித்த பலகை இரவு பதினொரு மணிக்கு இயந்திரம் ஓடுகிறதா என்று பார்க்காது. குடியிருப்பவர்கள்தான் பார்க்க வேண்டும்.

நன்றாகக் கட்டுவது என்றால் என்ன என்று கண்ணால் காண விரும்புகிறவர்கள், அல்சூரிலிருந்து அதிக தூரமில்லாத தொம்லூரில் டெரி என்னும் எரிசக்தி ஆய்வு நிறுவனத்தின் கட்டிடத்தைப் பார்க்கலாம். கட்டிடக் கலைஞர் சஞ்சய் மோஹே வடிவமைத்தது. அந்த மனைக்குத் தெற்கே சாக்கடை. தென்காற்று நாற்றத்தோடுதான் வரும். அதனால் தெற்குப் பக்கத்தை இரட்டைச் சுவரால் அடைத்து, கருப்பான கடப்பைக் கல்லைப் பதித்தார்கள். வெயிலில் கல் சூடேற, சுவர்களின் இடைவெளியில் இருக்கும் காற்று மேலெழுந்து வெளியேறுகிறது. அந்த இடத்தை நிரப்ப வடக்குப் பக்கத்திலிருந்து குளிர்ந்த காற்று கட்டிடத்துக்குள் வருகிறது. மனையின் குறையும் வெயிலும் சேர்ந்து விசிறியின் வேலையைச் செய்கின்றன. எங்கள் பாட்டி இருந்த அல்சூர் ஓட்டு வீட்டில் மின்விசிறியே கிடையாது. 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊருக்கு அது தேவைப்படவும் இல்லை. அதே ஊரில் மேற்கு வெயிலைக் கண்ணாடி வழியே உள்ளே அழைத்துவிட்டு ஏசியால் விரட்டுவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

செலவு கூடும் என்பார்கள். சிலவற்றில் கூடும்; நல்ல தண்ணீருக்கும் சுத்திகரித்த தண்ணீருக்கும் தனித்தனிக் குழாய் போடக் காசு ஆகும்தான். ஆனால் சன்னலை எந்தத் திசையில் வைப்பது என்பதற்குக் காசில்லை. ஐதராபாத் போச்சாரத்தில் இன்ஃபோசிஸ் 2011-இல் திறந்த ஒரு கட்டிடத்தின் ஒரு பாதியில் வழக்கமான ஏசியையும், மறுபாதியில் தளத்துக்குள் பதித்த குழாய்களில் குளிர்ந்த நீரை ஓடவிடும் முறையையும் அமைத்து ஒப்பிட்டார்கள். குழாய் முறை மின்சாரத்தைக் கணிசமாக மிச்சப்படுத்தியது; அமைக்கும் செலவும் கூடவில்லை. பெரிய நிறுவனங்கள் இப்படிச் சோதித்துக் காட்டுவது மற்றவர்களுக்குத் துணிவு தரும்.

சிறு தொழில் நடத்துகிறவர்களுக்கும் நிறைய இடம் இருக்கிறது. மெஸ் நடத்துகிறவர் குழாய் முனையில், தண்ணீரோடு காற்றைக் கலந்து விடும் சிறு காற்றுக் கலப்பானைப் (ஏரேட்டர்) பொருத்தினால் கை கழுவும் தண்ணீர் பாதியளவு மிச்சமாகும்; 2024-லேயே வணிக இடங்களுக்கு இது கட்டாயமாகிவிட்டது. டியூஷன் சென்டர் வைத்திருப்பவர், 75 வாட் மின்விசிறிகள் பழுதாகும்போது 30 வாட் அளவில் ஓடும், குறைந்த மின்சாரம் இழுக்கும் மோட்டார் கொண்ட பிஎல்டிசி விசிறிகளுக்கு மாறலாம். ஏசியை 18-இல் வைக்கும் அலுவலகங்கள் 24-க்கு ஏற்றட்டும்; ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்பது எரிசக்தித் திறன் வாரியத்தின் கணக்கு. இடம் வாடகைக்கு எடுக்கும் நிறுவனம், உரிமையாளரிடம் முந்தைய ஓராண்டு மின்கட்டண ரசீதுகளையும் தண்ணீர்ச் செலவையும் கேட்டு வாங்கிவிட்டு ஒப்பந்தம் பேசட்டும். பத்து நிறுவனங்கள் கேட்டால் பதினோராவது கட்டிடம் வேறு மாதிரி எழும்பும் என்று உறுதியாக நம்புகிறேன்.

விவேக் நகரில் ஒற்றை அறையில் நான்கு பேர் குடியிருப்பவர்களிடம் இந்தக் கேள்விகளைக் கேள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவர்கள் ஏற்கெனவே மிகக் குறைவான தண்ணீரில்தான் வாழ்கிறார்கள். பொறுப்பு, தேர்ந்தெடுக்கும் வசதி உள்ள நம் மீதுதான்.

அக்கா மகன் அன்று மூன்று கேள்விகளை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தான்: கழிப்பறைத் தண்ணீர் எந்தத் தொட்டியிலிருந்து வரும், மழைநீர் எங்கே சேரும், மேற்குக் கண்ணாடிக்கு வெளியே நிழல் தர என்ன செய்வீர்கள். பதில் இன்னும் வரவில்லை. முன்பணத்தை அவன் கட்டவும் இல்லை. போன சனிக்கிழமை, பத்து வருடப் பழைய ஒரு குடியிருப்பின் மொட்டை மாடியில் நின்றுகொண்டு எனக்கு ஒரு படம் அனுப்பினான். இரண்டு தொட்டிகள், இரண்டுக்கும் மூடியைத் திறந்து வைத்திருந்தான். இரண்டிலும் தண்ணீர் இருந்தது.