உயரத்தில் உதவுவது டர்போ, ஃபோர் ஸ்ட்ரோக் அல்ல
ஸ்னோமொபைல் (பனியில் ஓட்டும் வண்டி) பற்றி ஒரு கட்டுரை படித்தேன்: டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) வைத்த ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு (கார்களில் இருக்கும் வகை) உயரத்தில் சக்தி குறையாது, அதனால் மலையில் ஓட்டுபவர்கள் அதற்கு மாறிவிடலாம் என்கிறது. டர்போ இல்லாத எஞ்சின் ஆயிரம் அடிக்குச் சுமார் 3 சதவீதம் சக்தியை இழக்கும், கொலராடோவில் 10,000 அடிக்கு ஏறினால் அது பெரிய இழப்புதான், சரி. ஆனால் அதை ஈடுகட்டுவது டர்போ, ஃபோர் ஸ்ட்ரோக் இல்லையே! ஸ்கி-டூ நிறுவனம் 2020 மாடலிலேயே சம்மிட் என்ற தன் டூ ஸ்ட்ரோக் (எடை குறைந்த, எண்ணெயும் சேர்ந்து எரியும் எஞ்சின் வகை) மலை வண்டியில் டர்போ வைத்துவிட்டது, 8,000 அடி வரை 165 குதிரைத்திறன் அப்படியே கிடைக்கும், அப்புறம் போட்டி நிறுவனமான போலாரிஸும் டூ ஸ்ட்ரோக் டர்போவைக் கொண்டுவந்தது. டர்போ ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியான யமஹா சைட்வைண்டரின் 998 சிசி மூன்று சிலிண்டர் எஞ்சின் அருமையானது, புகை நாற்றம் கிடையாது, நீண்ட ஏற்றத்தில் அது இழுக்கிற இழுப்பே தனி, ஆனால் அந்த ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினின் அத்தனை எடையும் முன்பக்கம் இருக்கிறது. கனடாவின் ரெவல்ஸ்டோக் மலைப் பக்கம் இடுப்பளவு புதுப்பனியில், மரங்களுக்கு நடுவே, சரிவில் குறுக்காக ஓட்டும்போதுதான் அது தெரியும், முன்பக்கம் புதைந்துவிட்டால் தனியாளாக வெளியே எடுப்பது பெரும்பாடு. பழகினால் சரியாகிவிடும் என்று அந்தக் கட்டுரைக்கு வேறொருவர் கருத்து எழுதியிருக்கிறார், மரமில்லாத திறந்த சரிவுகளில் ஒத்துக்கொள்கிறேன், காட்டுக்குள் இல்லை. யமஹா 2025 மாடலோடு ஸ்னோமொபைல் தயாரிப்பையே நிறுத்திவிட்டது, அதையும் கட்டுரையில் சொல்லியிருக்க வேண்டும்.