அது குதிரையோட சொந்த வைரஸ்

ஞாயித்துக்கிழமை மாட்டுங்கா கூட்டத்துல நடந்தது உங்கள்ல பாதி பேருக்குத் தெரியும், முழுசா சொல்லல. ஹெபடைட்டிஸ் சி-ங்கற ஈரல் நோய்க்குத் தடுப்பூசி தேடறதுக்காகக் குதிரைக்கு வைரஸ் ஏத்திப் பாக்கற ஆராய்ச்சிய எதிர்த்து நடந்த கூட்டம் அது. "குதிரைக்கு மஞ்சக்காமாலை ஊசி போடறவன் மனுஷனா"ன்னு அண்ணன் கேட்டாரு, எல்லாரும் கைதட்டுனீங்க. நான் எந்திரிச்சு ரெண்டு வார்த்தை பேசறதுக்குள்ள மைக்கை வாங்கிட்டீங்க. மூணு நாளா மனசே சரியில்ல, அதான் எழுதறேன்.

மனுஷன் கிருமிய எடுத்துக் குதிரைக்குள்ள ஏத்தற வேலை இல்லைங்க அது. குதிரைக்குன்னே ஒரு வைரஸ் இருக்கு. 2012ல குதிரைங்ககிட்ட கண்டுபிடிச்சாங்க. நம்ம ஹெபடைட்டிஸ் சி வைரஸுக்கு இதுவரைக்கும் தெரிஞ்சதுல ரொம்ப நெருங்கின சொந்தம் அதுதான். லாயத்துல சும்மா நிக்கிற குதிரைக்கே தானா வருது, ஈரல்ல போய் உக்காருது, பெரும்பாலும் சில வாரத்துலயோ சில மாசத்துலயோ குதிரையே அதைத் துரத்திடுது. சில குதிரைக்கு மட்டும் போகாம தங்கிடுது. நம்மளுக்கு அப்படியே தலைகீழ், 100 பேருக்கு வந்தா சுமார் 70 பேருக்கு உடம்பிலேயே தங்கிடும். அப்போ அந்த வைரஸையே குதிரைக்கு ஏத்தி, அது எப்படித் துரத்துதுன்னு பாக்க வேணாமா? ஹெபடைட்டிஸ் ஏ-க்கும் பி-க்கும் தடுப்பூசி இருக்கு. சி-க்கு இன்னி வரைக்கும் கிடையாது.

எலிய வச்சுப் பண்ணலாமேன்னு ஒருத்தர் கேட்டாரு. எலிக்கும் சொந்தமா ஒண்ணு இருக்கு, அதுலயும் பாத்துட்டுதான் இருக்காங்க. மனுஷனோட சி வைரஸ் சிம்பன்சியத் தவிர வேற மிருகத்துல சரியா ஒட்டறதில்ல, சிம்பன்சி ஆராய்ச்சிய அமெரிக்கா அரசாங்கம் 2015லயே நிறுத்திருச்சு, நிறுத்துனது சரிதான். நேரா மனுஷங்களுக்கே போட்டுப் பாத்த ஒரு தடுப்பூசி, வைரஸ் தங்கறதத் தடுக்கலைன்னு 2021ல ரிசல்ட் வந்துச்சு. அப்புறம் எதுலதான் பாக்கறது, சொல்லுங்க.

குதிரை சம்மதிச்சுச்சான்னு கேக்கறீங்க. இல்ல. ஈரல்ல ஊசி விட்டுத் துளி சதை எடுக்கறாங்க, மரத்துப்போக மருந்து குடுத்தாலும் அது வேதனைதான், அதுக்கு எங்கிட்ட பதில் இல்ல. ஆனா வள்ளியூர்ல எங்க சித்தப்பாவக் கண்ணாடி விரியன் கடிச்சப்ப உயிர் பொழைச்சது எதனால? குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமா விஷம் ஏத்தி அது ரத்தத்துல இருந்து எடுத்த மருந்து. நம்ம மும்பை பரேல்ல இருக்கற ஹாஃப்கைன் மருந்து ஆராய்ச்சி நிலையத்துலயும் காலங்காலமா அந்த வேலை நடந்திருக்கு. அதுக்கு யாரும் மைக் புடிக்கலையே.

மாத்திரைதான் வந்துடுச்சேன்னு சொல்றவங்களுக்கு. வந்துச்சு, மூணு மாசத்துல 100க்கு 95 பேருக்கு மேல குணமாகுது, 2018ல இருந்து அரசாங்கமே இலவசமா குடுக்குது, கோடி புண்ணியம். ஆனா குணமானவனுக்குத் திரும்பவும் வரலாம், அதோட உள்ள இருக்கறதே 20 வருஷம் தெரியாது, தெரியறப்ப ஈரல் போயிருக்கும். 2022ல மட்டும் உலகத்துல 2,42,000 பேர் இதுல செத்தாங்க.

எங்கப்பாவுக்கு 1988ல கப்பல் டாக்ல கால் மேல பெட்டி விழுந்து மூணு பாட்டில் ரத்தம் ஏத்துனாங்க. அந்த வைரஸையே கண்டுபிடிச்சது 1989ல, யாரக் குத்தம் சொல்ல. 2009ல வயிறு உப்ப ஆரம்பிச்சுது. வேட்டி இடுப்புல நிக்காது, நெஞ்சுக்குக் கீழ ஏத்திக் கட்டுவாரு. பதினஞ்சு நாளைக்கு ஒருதரம் வயித்துல இருந்து தண்ணி எடுக்கணும், ரத்தம் கலக்காத வைக்கோல் நிறத்துல அஞ்சு லிட்டர், கட்டிலுக்குக் கீழ கேன்ல சொட்டறத நான் எண்ணிட்டு உக்காந்திருப்பேன். டாக்டரு மூணு தடவை கேட்டாரு, குடிப்பீங்களான்னு. டீயே ஒரு வேளை குடிக்கிற மனுஷன். 2012 மார்ச்சுல போயிட்டாரு. அந்த மாத்திரைக்கு அமெரிக்காவுல அனுமதி கிடைச்சது 2013 டிசம்பர்ல.

குதிரைக்காக அழறத நான் தப்புன்னே சொல்லல அண்ணே. நீங்க இதைப் படிப்பீங்க, அதனால கேக்கறேன். உங்க பொண்ணு வளைகாப்புக்கு அப்பாவ தாராவியில இருந்து டாக்சி புடிச்சுக் கூட்டிட்டு வந்தேன். எல்லாருக்கும் எவர்சில்வர் டம்ளர்ல காப்பி வந்துச்சு, அப்பாவுக்கு மட்டும் பேப்பர் கப். சி வைரஸ் டம்ளர்ல பரவாதுன்னு உங்களுக்கு நான் அதுக்கு முன்னாடியே சொல்லியிருந்தேன். அப்பா ஒண்ணும் பேசல. குடிச்சு முடிச்சு அந்தக் கப்ப மடிச்சுச் சட்டைப் பைல வச்சுக்கிட்டாரு, குப்பைத்தொட்டியில அதைப் பாத்தா உங்களுக்குச் சங்கடமா இருக்குமாம், டாக்சில வர்றப்ப சொன்னாரு.