கணக்கு தானா வந்து விழும்னு சொன்னது யாருங்க?

ஈஆர்பி, அதாவது ஸ்டோர்ஸ் முதல் அக்கவுண்ட்ஸ் வரை எல்லாம் சேர்ந்த ஒரே சாஃப்ட்வேர், போட்டால் கணக்கு தானாக வந்து விழும் என்று முதலாளிகளிடம் சொல்லிவிட்டுப் போகிற ஆட்களை, ஒரு மாதக் கடைசியில் எங்கள் அக்கவுண்ட்ஸ் அறையில் கொண்டுவந்து உட்கார வைக்க வேண்டும். வேறு எந்தத் தண்டனையும் வேண்டாம். நூல் ஸ்டாக் ஏன் மைனஸில் நிற்கிறது என்று எம்டி கேட்பார், அவர்கள் வாயாலேயே பதில் சொல்லட்டும்.

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். நூல் வாங்குவோம், நிட்டிங்குக்குப் போகும், அங்கிருந்து டையிங், காம்பாக்டிங், அப்புறம் கட்டிங், பிரிண்டிங், தையல், அயர்ன், பேக்கிங் என்று தூத்துக்குடிக்கு லாரி ஏறுகிற வரைக்கும் சரக்கு பாதி நாள் எங்கள் காம்பவுண்டுக்குள்ளேயே இருக்காது, கூலிக்கு வேலை செய்து தரும் ஜாப் ஒர்க்காரர்களிடம்தான் இருக்கும். இப்படி ஒரு தொழிலுக்கு எல்லாம் ஒரே இடத்தில் தெரிகிற சாஃப்ட்வேர் கட்டாயம் வேண்டும். எனக்கு அதில் சண்டையே இல்லை. சரக்கு இறங்கியதும் ஸ்டோர்ஸில் ஜிஆர்என், அதாவது சரக்கு வந்ததற்கான வரவுச் சீட்டு, போட்டால் ஸ்டாக் ஏறும், சப்ளையருக்குத் தர வேண்டியது லெட்ஜரில் நிற்கும், நான் மறுபடி ஒரு வவுச்சர் அடிக்க வேண்டியதில்லை. எவ்வளவு அழகு! ஆனால் அந்த ஜிஆர்என்னை யார் போடுவது, எப்போது போடுவது என்று ஒருத்தரும் பேசவில்லை. அடுப்பைப் பற்ற வைக்காமல் குக்கர் விசில் அடிக்கவில்லை என்று கத்துகிற கதைதான்.

நடப்பது இதுதான். லாரி வரும், இறக்குவார்கள், சரக்கோடு வரும் டெலிவரி சலானை, அதாவது டிசியை, கம்பியில் குத்தி வைப்பார்கள். அவ்வளவுதான். நாள் கணக்கில் அது அங்கேயே தொங்கும். வரவு ஏறாமலே நூல் செலவு எழுதப்படுவதால்தான் ஸ்டாக் மைனஸ். சப்ளையர் போன் பண்ணி "பேமெண்ட் எப்பங்க வரும்" என்று சத்தம் போட்ட பிறகு, பர்ச்சேஸ்காரர் ஸ்டோர்ஸைக் கூப்பிடுவார், அங்கே இருக்கிற பையன் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு அதில் என்ன கிலோ இருக்கிறதோ அதே கிலோவை ஜிஆர்என்னில் அடிப்பான், பிஓ, அதாவது பர்ச்சேஸ் ஆர்டர், இல்லையென்றால் அதுவும் அப்போதே பிறக்கும். பிஓ, ஜிஆர்என், பில் மூன்றும் பொருந்தினால்தான் பில் பாஸ் ஆகும் என்பதுதானே இந்த சிஸ்டத்தின் பெரிய பெருமை? பொருந்துகிறது. பொருந்தாமல் எப்படி இருக்கும், மூன்றும் ஒரே காகிதத்தைப் பார்த்து அடித்ததாயிற்றே! எடை மிஷினில் எவ்வளவு நின்றது என்பது யாருக்கும் தெரியாது. நோட்டில் எழுதிக்கொண்டிருந்த காலத்திலாவது எடை குறைந்தால் சிவப்பு மையில் ஒரு வட்டம் இருக்கும்.

அந்தப் பையனையும் குறை சொல்ல முடியாது. கேட் அவன், இறக்குவது அவன், வெளியே போகிற சரக்குக்கு டிசி எழுதுவது அவன், கம்ப்யூட்டரோ மாடியில். "அக்கா, நாளைக்கு எல்லாத்தையும் சேத்திப் போட்டுத் தாறனுங்க்கா" என்பான். இன்னொரு ஆள் கேட்டால் பட்ஜெட் இல்லையாம். சாஃப்ட்வேர் லைசென்ஸுக்கு மட்டும் இருந்தது.

சரி, லேட்டாகப் போட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கு. ஜிஎஸ்டியில் சரக்கு கைக்கு வந்தால்தான் இன்புட் கிரெடிட், அதாவது வாங்கும்போது கட்டின வரியைக் கழித்துக்கொள்ளும் உரிமை. 14-ஆம் தேதி சப்ளையர்கள் காட்டின பில்களின் பட்டியலான 2பி வந்துவிடும், 20-ஆம் தேதிக்குள் மாத ரிட்டர்னான 3பி போட வேண்டும், பில் 2பியில் இருக்கிறது, சரக்கு குடோனில் இருக்கிறது, எங்கள் புத்தகத்தில் மட்டும் வரவே இல்லை. அடுத்தது வருமான வரி. குறு, சிறு தொழில்காரர்களுக்கு எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லையென்றால் 15 நாள், அதற்குள் பணம் போகாமல் ஆண்டுக் கடைசியில் பாக்கி நின்றால் அந்தச் செலவை அந்த வருஷத்தில் காட்ட முடியாது. எங்கள் நிட்டிங், பிரிண்டிங், செக்கிங் ஆட்களில் பெரும்பாலானோர் இந்தக் கணக்கில் வருகிறவர்கள். இந்த நாள் கணக்கு தொடங்குவது சரக்கு வந்த தேதியிலிருந்து. சிஸ்டமோ ஜிஆர்என் அடித்த தேதியிலிருந்து எண்ணி "இன்னும் நாள் இருக்கு" என்று பச்சை விளக்கு காட்டுகிறது.

ஜாப் ஒர்க் ஸ்டாக் ரிப்போர்ட்டைத் திறந்தால் சிரிப்பதா அழுவதா தெரியாது. அனுப்பின சரக்கு ஒரு வருஷத்துக்குள் திரும்பி வராவிட்டால் அனுப்பிய அன்றே விற்றதாகக் கணக்கு, வரி கட்டு என்கிறது சட்டம். திரும்பி வந்த என்ட்ரியைப் போடாமல் விட்டதால், ரிப்போர்ட்டில் இன்னும் டையிங்காரரிடம் கிடக்கிற துணி, நிஜத்தில் பனியனாகி ஜெர்மனியில் யாரோ போட்டுக் கிழித்தே இருப்பார்கள்.

மாஸ்டர் டேட்டாவை, அதாவது சப்ளையர், ஐட்டம் பெயர்ப் பட்டியலை, பற்றிப் பேசவே வேண்டாம். ஒரே சப்ளையர், இனிஷியலுக்குப் பின்னால் புள்ளி வைத்து ஒரு கோட் நம்பர், வைக்காமல் இன்னொரு கோட் நம்பர். ஒன்றில் அட்வான்ஸ், இன்னொன்றில் பாக்கி. பட்டன் வாங்குவது குரோஸில், அதாவது 144 பீஸ் கணக்கில், தைக்கக் கொடுப்பது பீஸில். குரோஸ் விலையைப் பீஸ் விலையாக ஒருத்தர் அடித்துவிட்டால் பட்டன் ஸ்டாக் மதிப்பு 144 மடங்கு. இதுதான் ஒருங்கிணைந்த கணக்கின் மகிமை, ஸ்டோர்ஸில் தட்டின தப்பு எங்கேயும் நிற்காமல் நேராக லாபநஷ்டக் கணக்குக்கே வந்து சேரும். வந்து சேர்ந்ததும் கேள்வி யாருக்கு? எனக்கு.

பழைய தேதியில் திருத்தி மூடலாம் என்றால் அதுவும் முடியாது, முடியக்கூடாது. 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகள் வைத்திருக்கும் கணக்கு சாஃப்ட்வேரில் யார், எப்போது, எதை மாற்றினார் என்ற பதிவு நின்றாக வேண்டும், அதை அணைக்கவும் முடியக்கூடாது. எங்கள் மீட்டிங்கில் ஒரு பெரியவர் கேட்டார், "அதை மட்டும் ஆஃப் பண்ணி வைக்க முடியாதாம்மா?" என்ன சொல்ல?

ஆக நடப்பது என்னவென்றால், ஈஆர்பியிலிருந்து எக்ஸலுக்கு இறக்கி, எக்ஸலில் சரி பண்ணி, அதை டாலியில் அடித்து ஆடிட்டருக்குக் கொடுக்கிறோம். மூன்று இடம், மூன்று நம்பர். எது சரி என்று கேட்டால் எக்ஸல்தான்.

இம்ப்ளிமென்டேஷன் ஆட்கள் வேறு. எதைச் சொன்னாலும் "யூசர் டிரெய்னிங் பத்தல மேடம்". எங்கள் கம்பெனி மேனேஜர்களோ அதற்கும் மேலே, நாங்கள் பண்ணுகிற மாதிரியே சாஃப்ட்வேரை மாற்று என்பார்கள். ஜெர்மனியின் லிடில் சூப்பர் மார்க்கெட்காரர்கள் அப்படித்தான் மாட்டினார்கள். அவர்கள் ஸ்டாக்கை வாங்கின விலையில் மதிப்பிடுவார்கள், அவர்கள் போட்ட எஸ்ஏபி என்ற ஈஆர்பியின் வழக்கமான முறை விற்பனை விலை. தங்கள் முறைக்கே வளைக்கச் சொல்லி, வருஷக் கணக்கில் வேலை பார்த்து, சுமார் 50 கோடி யூரோ செலவாகிவிட்டது என்று செய்தி வந்த பிறகு 2018-இல் திட்டத்தையே கைவிட்டார்கள். அவர்களுக்காவது தாங்கியது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. கேட்டிலேயே ஒரு கம்ப்யூட்டர், எடை மிஷினுக்குப் பக்கத்தில். ஸ்டோர்ஸுக்கு இன்னொரு ஆள். ஜிஆர்என் போடுகிறவர் கண்ணில் பில் படவே கூடாது, எடையை மட்டும் பார்த்து அடிக்க வேண்டும். புது ஐட்டம், புது சப்ளையர் கோட் நம்பர் திறக்கிற உரிமை ஒரே ஒருத்தரிடம். இதை மெயிலில் எழுதிப் போட்டேன். பதிலுக்கு, எல்லா ரிப்போர்ட்டையும் கலர் கலராக மொபைலிலேயே காட்டும் புது டாஷ்போர்டு ஒன்று வருகிறது, வெள்ளிக்கிழமை டெமோவுக்கு வந்துவிடுங்கள் என்று பதில் வந்திருக்கிறது. போய் உட்காரத்தான் போகிறேன், மைனஸ் ஸ்டாக்கை என்ன கலரில் காட்டுகிறார்கள் என்றாவது பார்க்கலாம்.